இமை எனும் திரை

தமயந்தியின் சுயம்வர மண்டபம். கையில் மாலையோடு வந்து நிற்கிறாள் அவள். எதிரே பார்த்தால், ஒரு நளன் அல்ல, ஐந்து நளன்கள்! இந்திரன், அக்னி, வருணன், எமன் நாலு பேரும் நளன் வேஷம் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். நிஜ நளனை எப்படிக் கண்டுபிடித்தாள் தமயந்தி? பாதம் தரையில் படுகிறதா, மாலை வாடுகிறதா என்று பார்த்தாள். கூடவே இன்னொன்றையும் கவனித்தாள். நாலு பேர் கண் இமைக்கவே இல்லை. ஒருவன் மட்டும் இமைத்தான். அவன் கழுத்தில் மாலை விழுந்தது!

தேவர்களுக்கு ‘இமையவர்’ என்று பெயர் வந்ததே, அவர்கள் இமைப்பதில்லை என்பதால்தான் என்பார்கள். மனிதனுக்கு அந்தச் சலுகை கிடையாது. நிமிடத்துக்குச் சுமார் 15 முறை இமைத்தாக வேண்டும். அதற்காக நமக்குக் கொடுக்கப்பட்டிருப்பது, உடம்பிலேயே மிக மெல்லிய தோலால் ஆன இரண்டு திரைகள்.

திரை என்றால் ஒரு நாள் தொய்யத்தானே செய்யும்?

உங்கள் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். பக்கத்தில் உங்கள் ஆதார் அட்டையை வையுங்கள். (ஆதார் போட்டோவில் யார்தான் நன்றாக இருக்கிறார்கள் என்கிறீர்களா? அதுவும் சரிதான்!) அன்றைய கண்ணில், மேல் இமையில் ஒரு மடிப்புக் கோடு தெளிவாகத் தெரியும். இன்றைய கண்ணில் அந்தக் கோட்டையே காணோம். புருவத்துக்குக் கீழே இருக்கும் தோல் தளர்ந்து, முந்தானை மாதிரி இறங்கி, இமையை மூடிக்கொண்டிருக்கும். குறிப்பாக வெளிப்பக்க ஓரத்தில். சிலருக்கு இது 20 வயதிலேயே குடும்பச் சொத்தாக வந்துவிடும். அப்பாவின் மூக்கு வருகிற மாதிரி, அம்மாவின் இமை.

வீட்டில் வைக்கிற பட்டப்பெயர் என்ன? ‘தூங்குமூஞ்சி!’

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். சென்னை பஸ்ஸா, புதுச்சேரி பஸ்ஸா என்று போர்டு படிக்கும் பெரியவர்களைக் கவனியுங்கள். சிலர் தலையை நன்றாக அண்ணாந்து, நெற்றியில் மூன்று நாலு கோடு விழுகிற மாதிரி புருவத்தைத் தூக்கிக்கொண்டு படிப்பார்கள். கண்ணாடி நம்பர் மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். மேலிருந்து இறங்கிய தோல், பார்வையின் மேல்பாதியை மறைத்திருக்கலாம். நாள் முழுக்க நெற்றித் தசையால் அந்தத் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். சாயந்திரம் தலைவலி வருவதில் என்ன ஆச்சரியம்?

ஆக, இது அழகுப் பிரச்னையா, பார்வைப் பிரச்னையா? இந்தக் கேள்விக்கு வயது ஏறக்குறைய 2,000!

முதலில் நம் ஊர் சுஸ்ருதரிடம் போவோம். ‘சுஸ்ருத சம்ஹிதை’ 76 கண் நோய்களைப் பட்டியல் போடுகிறது. அதில் 21 இமைக்கு மட்டும். இமை முடி உள்பக்கம் திரும்பி விழியைக் கீறுகிற நோய்க்கு அவர் சொல்லும் ஆபரேஷனைப் படித்தால், இன்றைய பிளாஸ்டிக் சர்ஜன்கள் சற்று நிமிர்ந்து உட்காருவார்கள். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவில் உள்ள தோலை மூன்று பங்காகக் கணக்கிடு. புருவத்தின் பக்கம் இரண்டு பங்கை விட்டுவிடு, இமை முடியின் பக்கம் ஒரு பங்கை விட்டுவிடு. நடுவில் ஒரு வாற்கோதுமை மணி வடிவில் தோலை வெட்டி எடு. மயிர் இழையால் தைத்துவிடு. அவ்வளவுதான்!

இதில் வெட்டச் சொன்னது முக்கியமில்லை. எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று சொன்னாரே, அதுதான் முக்கியம். ஏன் என்பதற்கு ரோம் நகரத்துக்குப் போக வேண்டும். முதலாம் நூற்றாண்டில் அங்கே செல்சஸ் என்பவர் மருத்துவக் களஞ்சியம் ஒன்றை எழுதினார். தளர்ந்த மேல் இமைத் தோலை வெட்டித் தைப்பதைச் சொன்னவர், கூடவே எச்சரிக்கையும் செய்தார். கொஞ்சம் அதிகமாக வெட்டிவிட்டால் கண் மூடவே மூடாது! கிரேக்கர்கள் இதற்கு ‘முயல் கண்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். முயல் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் என்பது அந்தக் கால நம்பிக்கை. இன்றும் மருத்துவப் புத்தகங்களில் அந்த நிலைக்கு ‘லாகாஃப்தால்மோஸ்’, அதாவது அதே முயல் கண் என்றுதான் பெயர். இந்த முயலை மறந்துவிடாதீர்கள். நம் ஊருக்கு வரும்போது மறுபடியும் அது குறுக்கே வரும்.

பாக்தாத்தில் அலி இப்னு ஈசா என்ற கண் மருத்துவர் கத்தியே இல்லாமல் ஒரு வழி சொன்னார். தொங்கும் தோலை மடித்து, இரண்டு சிறு குச்சிகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டிவிட வேண்டியது. ரத்த ஓட்டம் இல்லாமல் அந்தத் தோல் சில நாட்களில் தானே காய்ந்து விழுந்துவிடும். படிக்கும்போதே நமக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது!

1818-ல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் ஃபான் கிராஃபே, இமை அறுவை சிகிச்சைக்கு ‘பிளெஃபரோபிளாஸ்டி’ என்ற பெயரைக் கொடுத்தார். அவர் செய்தது அழகுக்காக அல்ல; புற்றுநோயில் போன இமையைத் திரும்பக் கட்டுவதற்காக. ஆனால், பெயர் நிலைத்துவிட்டது. இன்று அழகு நிலைய விளம்பரங்களில் நீங்கள் பார்ப்பதும் அதே வார்த்தைதான்.

அழகுக்காக என்று எப்போது ஆரம்பித்தது? 1896-ல் ஜப்பானில் மிகாமோ என்ற டாக்டர் ஒரு ரிப்போர்ட் எழுதினார். ஒரு பெண்ணுக்கு ஒரு கண்ணில் மடிப்பு இருந்தது, மறு கண்ணில் இல்லை. பட்டு நூலால் தையல் போட்டு, இல்லாத கண்ணிலும் மடிப்பை உண்டாக்கினார். கிழக்கு ஆசியாவில் லட்சக்கணக்கானோர் பின்னால் செய்துகொண்ட ‘இரட்டை இமை’ ஆபரேஷனின் ஆரம்பம் அது. 1950-களில் கொரியாவுக்குப் போன அமெரிக்க சர்ஜன் மில்லார்டு அதைப் பிரபலமாக்கினார். ‘மேற்கத்தியக் கண் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள்’ என்று பலர் திட்டினார்கள். மில்லார்டுக்கு அரை நூற்றாண்டு முன்பே மிகாமோ செய்துவிட்டார் என்பது திட்டியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!

பாரீஸில் சூசன் நோயல் என்ற பெண் மருத்துவர். 1926-ல் ஒரு புத்தகம் எழுதினார். தலைப்பு: ‘அழகு அறுவை சிகிச்சை - அதன் சமூகப் பங்கு’. சமூகப் பங்கா? ஆம்! முகத்தில் வயது தெரிந்துவிட்டது என்பதற்காக வேலை போன பெண்கள் அவரிடம் வந்தார்கள். இமைக்கு மேல் தொங்கிய தோலும், கண்ணுக்குக் கீழ் விழுந்த பையும் அவர்களுக்குச் சோற்றுப் பிரச்னை. ‘இது வீண் ஆடம்பரம்’ என்று சொன்ன ஆண் டாக்டர்களுக்கு நோயல் சொன்ன பதில்தான் அந்தத் தலைப்பு.

பாரீஸ் இருக்கட்டும். ‘முகத்தால் சோறு போகும்’ என்ற விஷயத்தில் நம் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்கு இருந்த அனுபவம் பாரீஸுக்குக் கிடையாது.

ஒன்றாக இருந்த தென்னாற்காடு மாவட்டத்தில் (விழுப்புரம் தனி மாவட்டமானது 1993-ல்) தொழுநோய் வீட்டுக்கு வீடு அறிந்த வார்த்தை. இந்த நோய் கைவிரலை மடக்கும், காலை மரத்துப்போகச் செய்யும் என்பது தெரியும். முகத்தில் என்ன செய்யும்? புருவ முடி உதிரும். மூக்கு உள்வாங்கும். தடித்துப்போன முகத்தோல், மருந்தில் நோய் தணிந்ததும், காற்றுப் போன பலூன் மாதிரி தொளதொளவென்று தொங்கும். 30 வயதுக்காரருக்கு 60 வயது முகம்! இமைத் தோலும் இறங்கிவிடும். இதைவிடக் கொடுமை இன்னொன்று. இமையை மூடும் தசைக்குப் போகும் நரம்பு செத்துவிட்டால் கண் மூடாது. வந்துவிட்டது பாருங்கள், அதே முயல் கண்! திறந்தபடி கிடக்கும் விழி காய்ந்து, தூசி பட்டு, புண்ணாகி, பார்வையே போய்விடும். விழியிலும் உணர்ச்சி மரத்திருந்தால் வலிகூடத் தெரியாது. இமைக்காதவன் தேவன் என்றது புராணம். ஊர் அவனை ஊருக்கு வெளியே வைத்தது.

விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் பக்கம் மழவந்தாங்கல் என்று ஓர் ஊர். அங்கே 1940-களின் மத்தியில் கஸ்தூர்பா குஷ்ட நிவாரண நிலையம் உருவானது. உருவாக்கியவர் டி.என்.ஜெகதீசன். ஆங்கில ஆசிரியர், சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். எல்லாவற்றையும்விட முக்கியம், சிறு வயதிலேயே தொழுநோய்க்கு ஆளானவர். அதை ஒளிக்காமல் வெளியே சொன்னவர். சொல்லிவிட்டு, அந்த நோயாளிகளுக்காகவே வாழ்நாளைக் கொடுத்தவர். அந்த நாளில் அப்படிச் சொல்ல எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும், யோசியுங்கள்!

திண்டிவனத்திலிருந்து சென்னை ரயிலில் 65 கிலோமீட்டர் சொச்சம் போனால் செங்கல்பட்டு. அங்கே திருமணியில் தொழுநோய் ஆஸ்பத்திரி. ராபர்ட் கோக்ரேன் என்ற மருத்துவ மேதை பொறுப்பில் இருந்தார். 1947-ல் அவரைப் பார்க்க வேலூர் சி.எம்.சி-யிலிருந்து ஓர் இளம் எலும்பு சர்ஜன் வந்தார். பெயர் பால் பிராண்ட். நம் கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேயர். மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒரு நோயாளியிடம், ‘என் கையை அழுத்துங்கள்’ என்று கொடுத்தார். பிடி இரும்பு மாதிரி இருந்தது! ‘அப்படியானால் தசைகள் சில நன்றாகத்தானே இருக்கின்றன? அவற்றை இடம் மாற்றிக் கட்டினால் என்ன?’ - உலகத் தொழுநோய் அறுவை சிகிச்சையின் வரலாறு அந்தக் கைகுலுக்கலில் திரும்பியது. அடுத்த ஆண்டே வேலூரில் கை ஆபரேஷன்கள் ஆரம்பமாகின.

கை சரியாகிவிட்டது. வேலை கிடைத்ததா? அங்கேதான் சிக்கல். கையை மறைக்கலாம், முகத்தை எங்கே மறைப்பது? புருவம் இல்லாத முகத்தைப் பார்த்ததுமே கதவு மூடிக்கொண்டது. ஆகவே பிராண்டும் சகாக்களும் முகத்துக்கு வந்தார்கள். தலைமுடியோடு கூடிய தோல் பட்டையை, ரத்தக்குழாய் அறுபடாமல், நெற்றித் தோலுக்கு அடியில் இழுத்து வந்து புருவம் அமைத்தார்கள். அது தலைமுடி ஆயிற்றே, சும்மா இருக்குமா? நீளமாக வளர்ந்துகொண்டே போனது. கத்தரித்துக்கொள்ளுங்கள் என்றால் சில நோயாளிகள் மாட்டேன் என்று விட்டார்கள். இத்தனை நாள் இல்லாத புருவம், அடர்த்தியாக இருந்துவிட்டுப் போகட்டுமே!

மூடாத கண்ணுக்கு? பிரிட்டனின் ஹெரால்ட் கில்லீஸ் யோசித்த ஒரு வழி வேலூர், காரிகிரி ஆஸ்பத்திரிகளில் பட்டை தீட்டப்பட்டது. பொட்டுப் பக்கத்தில், மெல்லும்போது அசையும் தசை இருக்கிறதல்லவா? (கைவைத்துப் பாருங்கள், வாயில் எதையாவது மென்றுகொண்டே!) அதில் ஒரு பட்டையை எடுத்து, மேல் இமையிலும் கீழ் இமையிலுமாக ஓட்டி, மூக்கோரத்தில் கட்டிவிடுவார்கள். பல்லைக் கடித்தால் கண் மூடும்! இமைக்க வேண்டும் என்றால் மெல்ல வேண்டும். கண்ணைக் காப்பாற்ற நாள் முழுக்க ‘மெல்லுங்கள், மெல்லுங்கள்’ என்று பாடம் நடந்தது.

தொளதொளத்த முகத்தோலை இழுத்துத் தைக்கும் ஆபரேஷனும் தொழுநோயாளிகளுக்குச் செய்யப்பட்டது. ஹாலிவுட் நடிகைகள் ரகசியமாகச் செய்துகொண்டார்களே, ‘ஃபேஸ் லிஃப்ட்’, அதேதான்! அவர்களுக்கு அடுத்த படம். இவர்களுக்கு அடுத்த வேளை சாப்பாடு, டீக்கடையில் எல்லோரையும் போல ஒரு கிளாஸ்.

அதனால்தான் சொல்கிறேன்: ‘காஸ்மெடிக்’ என்ற வார்த்தையைக் கேட்டதும் உதட்டைச் சுழிக்காதீர்கள்.

சரி, இன்றைக்கு வருவோம். தொங்கும் இமைக்கு என்னென்ன வழிகள்?

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. கண்ணாடி முன் நேராகப் பாருங்கள். தொங்கும் தோலை விரலால் மெல்லத் தூக்குங்கள். அடியில் இமையின் விளிம்பு சரியான இடத்தில் இருந்தால், பிரச்னை தோலில். விளிம்பே கருவிழியின் மேல் இறங்கியிருந்தால், பிரச்னை இமையைத் தூக்கும் தசையில். இதற்குப் பெயர் ‘டோசிஸ்’. இரண்டும் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கத்தி வைத்தால் பணம்தான் போகும். மூன்றாவது ஆளும் உண்டு: புருவமே கீழே இறங்கியிருக்கலாம்.

தோல்தான் காரணம் என்றால், நிலையான தீர்வு அறுவை சிகிச்சை. பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசி போட்டாலே போதும். உட்கார வைத்துப் பேனாவால் கோடு போட்டு, உபரித் தோலை மட்டும் எடுத்து, மடிப்புக் கோட்டிலேயே தையல் ஒளிந்துகொள்கிற மாதிரி தைப்பார்கள். சுமார் ஒரு வாரத்தில் தையல் பிரிப்பு. வீக்கம் அடங்க இன்னும் ஓரிரு வாரம். புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவில் குறைந்தது 20 மில்லிமீட்டர் தோலை விட்டுவைக்க வேண்டும் என்பது இன்றைய சர்ஜன்களின் கணக்கு. சுஸ்ருதர் பங்கு பிரித்தார், இவர்கள் ஸ்கேல் வைக்கிறார்கள். பயம் ஒன்றுதான், அந்தப் பழைய முயல்!

புருவம் இறங்கியிருந்தால் புருவத்தைத் தூக்கும் ஆபரேஷன். தசை தளர்ந்திருந்தால் தசையை இறுக்கும் ஆபரேஷன். கத்தி வேண்டாம் என்பவர்களுக்கு லேசர், ரேடியோ அலைக் கருவிகள். லேசான தளர்ச்சிக்கு லேசான பலன். அன்று மாலை ரிசப்ஷனுக்கு மட்டும் என்றால், இமையில் ஒட்டும் மெல்லிய டேப்பும் உண்டு.

அப்புறம் போடாக்ஸ். அதன் பூர்வீகம் தெரியுமா? 19-ம் நூற்றாண்டு ஜெர்மனியில் கெட்டுப்போன இறைச்சிப் பண்டம் தின்றவர்கள் இமை தொங்கி, மூச்சு நின்று செத்தார்கள். ஆம், அந்த விஷத்தின் முதல் அடையாளங்களில் ஒன்றே இமை தொங்குவதுதான்! அதே விஷத்தைத் துளியிலும் துளியாக்கி, மாறுகண்ணுக்கு மருந்தாக்கினார் சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட். 1989-ல் அமெரிக்க அரசு அனுமதி. கனடாவில் கரூதர்ஸ் என்ற டாக்டர் தம்பதி, இமைத் துடிப்புக்கு ஊசி போடும்போது நெற்றிச் சுருக்கம் மறைவதைக் கவனிக்க, 2002-ல் அழகுக்கும் அனுமதி வந்தது. புருவத்தின் வெளி ஓரத்தைக் கீழே இழுக்கும் தசையில் போட்டால் புருவம் ஓரிரு மில்லிமீட்டர் எழும்பும். மூன்று, நாலு மாதம் நிற்கும். இடம் மாறிப் போட்டால்? இமையே தொங்கிவிடும்! நோயும் மருந்தும் ஒரே பாட்டிலில். ‘தொங்கும் இமைக்குச் சொட்டு மருந்து’ என்று 2020-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றதும் தசைத் தளர்ச்சிக்குத்தான், உபரித் தோலுக்கு அல்ல.

ஆகவே, பியூட்டி பார்லரில் ‘இமையைத் தூக்கித் தருகிறேன்’ என்று யாராவது ஊசியை எடுத்தால், எழுந்து வந்துவிடுங்கள். போக வேண்டிய இடம் கண் மருத்துவர் அல்லது பிளாஸ்டிக் சர்ஜன். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, கண் உலர்ந்து எரிகிறதா, சர்க்கரை எவ்வளவு - எல்லாவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆபரேஷனுக்குப் பின் கண்ணுக்குள் கடும் வலியோ, பார்வை மங்கலோ வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. மிக அரிதாக, உள்ளே ரத்தம் கசிந்து பார்வையையே பறித்துவிடும்.

எந்த அழகுக் கணக்கிலும் சேராத மூன்று தொங்கல்கள் உண்டு. திடீரென்று ஒரு இமை சரிந்து, இரட்டையாகத் தெரிந்து, தலை வலித்தால் அது மூளை ரத்தக்குழாயின் எச்சரிக்கையாக இருக்கலாம், அன்றே ஆஸ்பத்திரி. காலையில் சரியாக இருந்து, சாயந்திரம் தொங்கினால் தசைச் சோர்வு நோயா என்று பார்க்க வேண்டும். குழந்தைக்குப் பிறவியிலேயே ஒரு இமை கண்ணை மறைத்தால், ‘வளர்ந்தால் சரியாகும்’ என்று விடக் கூடாது. மறைந்த கண் பார்க்கவே கற்றுக்கொள்ளாமல் போய்விடும்.

இவற்றோடு, நம் மண்ணின் பழைய எதிரி. 1982-ல் வந்த கூட்டு மருந்தால் தொழுநோய் முழுமையாகக் குணமாகிறது. 2005 இறுதியில் இந்தியா அதைப் பொது சுகாதாரப் பிரச்னை என்ற நிலையிலிருந்து இறக்கிவிட்டது. 1898-ன் தொழுநோயாளிகள் சட்டம் 2016-ல்தான் ரத்தானது. தொழுநோயைக் காரணம் காட்டி விவாகரத்து கேட்கும் உரிமை 2019-ல்தான் போனது. சட்டங்கள் எவ்வளவு மெதுவாக இமைக்கின்றன, பாருங்கள்! புதிய நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். உணர்ச்சியற்ற தேமலோ, மூட மறுக்கும் கண்ணோ இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மருந்து இலவசம். கண் மூடாமை புதிதாக, ஆறு மாதத்துக்குள் வந்தது என்றால், மாத்திரையிலேயே நரம்பு மீள வாய்ப்பு உண்டு. மெல்லும் தசையை இடம் மாற்ற வேண்டியதே இல்லை.

விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து திருக்கோவிலூர், திருவண்ணாமலை, வேலூர் வழியாகக் காட்பாடிக்கு ஒரு ரயில் பாதை போகிறது. தொழுநோய் என்றாலே ரயிலில் ஏற்ற மறுக்கலாம் என்று சட்டம் இருந்த காலத்தில், புருவம் தேடியும் இமை தேடியும் வேலூர் போக வேண்டியிருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். இன்று முண்டியம்பாக்கத்திலேயே 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அண்ணாந்து போர்டு படிக்கும் பெரியவர் உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும். அவரை ஒருமுறை கண் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். ‘இந்த வயசுல எனக்கு எதுக்குடா அழகு?’ என்று சிரிப்பார். ‘அழகுக்கு இல்லப்பா, போர்டு படிக்க’ என்று சொல்லுங்கள். திரையைத் தூக்கிய பிறகு கண்ணாடி முன் அவர் ஒரு நிமிஷம் அதிகமாக நின்றால், பார்க்காத மாதிரி இருந்துவிடுங்கள்.